ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ரெண்டு

சுலோச்சனா கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த நாளிலிருந்து தன் மச்சாண்டாரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, முறை. புருஷனின் அண்ணன் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த முறையைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் யாருக்கோ மச்சாண்டாராக இருந்திருப்பான். சுலோச்சனா அதைக் கட்டிக்காத்தாள். மகள் கன்னிகா பிறந்து, படித்து, ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குப் போகிற வரைக்கும் கட்டிக்காத்தாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள், சொந்தபந்தமும் சம்பந்தி வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முகத்துக்கு நேரே வாய் திறந்தாள். கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வி அவள் வாயில் ஏறிய கதை இது.

வீடு கொர்லகுண்டா பக்கம், மாமனார் கட்டியது. கீழே சுலோச்சனாவும் அவள் புருஷன் நாராயணசாமியும் கன்னிகாவும். மாடியில் மச்சாண்டார் ஜெயச்சந்திரனும் அவர் மனைவி மனோரமாவும். அவர்கள் மகன் யஸ்வந்த் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு குடும்பத்துக்கும் ஒரு போர், ஒரு மோட்டார், மொட்டை மாடியில் ஒரு தொட்டி. ஜெயச்சந்திரன் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பள்ளிக்கூடம் அவரை விட்டாலும் அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. வீடு முழுக்க அவருக்கு மூன்றாம் வகுப்பு. நாராயணசாமிக்கு ரேணிகுண்டா ரோட்டில் டயர் கடை. கடையில் நன்றாகப் பேசுவார். அண்ணன் முன்னால் அவர் வாய் திறந்தால் அது கொட்டாவிக்குத்தான்.

சுலோச்சனா பிறந்தது விஜயபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற ஊர். ஒரே கிணற்றில் பங்காளிகள் நாலு பேருக்கும் பங்கு, ஆளுக்கு ஒரு முறைத் தண்ணீர். தன் முறை வராமல் மடையை வெட்டியவனுக்கு அந்த ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள், அவன் வீட்டுச் சாவுக்குக்கூட யோசித்துத்தான் போவார்கள். அவள் நைனா என்று கூப்பிட்ட அப்பா பயிர் வாடினாலும் தன் முறைக்குக் காத்திருந்த மனுஷன். அதனால் பின்னால் அவளுக்கு வந்த 'தண்ணீரைத் தின்றவள்' என்ற பேர் மற்றவர்களுக்கு வெறும் வசவாக இருக்கலாம். சுலோச்சனாவுக்கு அது திருட்டுப் பட்டம்.

அந்தப் பட்டம் அவளுக்கு ஒரு கக்கூஸால் வந்தது.

மனோரமாவுக்கு முட்டிவலி. உட்கார்ந்து எழ முடியவில்லை என்று மாடியில் வெஸ்டர்ன் வைத்தார்கள். சாதாரண வெஸ்டர்ன் இல்லை, தண்ணீரை மிச்சம் பிடிக்கிற வெஸ்டர்ன். பிளஷ் டேங்கின் தலையில் ஒன்றையொட்டி ஒன்றாக இரண்டு பட்டன். முதல் பட்டன் சின்னது, கொஞ்சம் தண்ணீர் விடும். இரண்டாவது பெரியது, அதிகம் விடும். கடையிலிருந்து வந்து மாட்டிய தெலுங்குக்காரர், எந்த வேலைக்கு எந்த பட்டன் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்: ஒன்றுக்கு ஒன்று, ரெண்டுக்கு ரெண்டு. அவர் சொன்னது முதல் பட்டன், இரண்டாவது பட்டன் என்ற அர்த்தத்தில். ஹெட்மாஸ்டர் காதில் விழுந்ததோ கணக்கு. ஒண்ணுக்குப் போனால் ஒரு பட்டன். ரெண்டுக்குப் போனால் ரெண்டு பட்டனையும் சேர்த்து.

தப்பாகப் புரிந்துகொண்டதை ஊருக்கெல்லாம் பாடம் நடத்துவது போல ஒரு சுகம் ஹெட்மாஸ்டர்களுக்கு வேறு இல்லை. அதன்பின் அந்த வீட்டுக்கு வந்தவர்கள் காபி குடிக்கும் முன் கக்கூஸ் பார்த்தார்கள். "ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ரெண்டு! இவ்ளோதான் சூத்திரம்" என்று ஜெயச்சந்திரன் இரண்டு விரலை ஒட்ட வைத்து இரண்டு பட்டனையும் அமுக்கிக் காட்டுவார். தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும். பார்த்தவர்கள் தலையாட்டுவார்கள். மனோரமாவுக்கு மட்டும் அந்தக் கொஞ்சம் தண்ணீரில் நம்பிக்கை வரவில்லை. அமுக்கியது போதாதென்று மேலே ஒரு வாளித் தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் வெளியே வருவாள். தண்ணீர் மிச்சம் பிடிக்கிற கக்கூஸுக்கு ஒரு வாளி தட்சிணை.

அந்த வருஷக் கோடையில் மொட்டை மாடித் தொட்டி நிற்காமல் காலியாக ஆரம்பித்தது. காலையில் நிரப்பினால் மதியம் தரை தெரியும். மோட்டார் போட்டுப் போட்டுப் போரும் களைத்துப் போயிற்று. கொஞ்ச நேரம் இறைத்தால் காற்றைத்தான் கக்கும், ஆறப் போட்டால்தான் மறுபடி தண்ணீர். ஜெயச்சந்திரன் யோசித்தார். மாடியில் இருப்பது மிச்சம் பிடிக்கிற கக்கூஸ். ஆகவே மாடியில் வீணாக வழியில்லை. ஆகவே வீணாவது கீழே. விடை வந்துவிட்டது.

"கயினில பொறந்தவ இல்லியா, அதான் நெல்லுக் கயினிக்குப் பாச்சற மாதிரியே வூட்லயும் பாச்சறா" என்று மனோரமா மாடிப்படியில் நின்று சொன்னாள். மனோரமா சித்தூர் டவுனில் பிறந்தவள். அந்தப் பெருமையை அவள் மூக்குத்தி மாதிரி தினமும் போட்டுக்கொண்டிருந்தாள். சுலோச்சனாவுக்கு 'மோட்டார் கொட்டாய்' என்று பேரும் வைத்தாள். பேர் சொந்தக்காரர்கள் வரைக்கும் பரவியது. ஒரு வளைகாப்பில் யாரோ ஒருத்தி, "இன்னாடி மோட்டார் கொட்டா, தண்ணி வேணுமா?" என்று கேட்க, பந்தியே சிரித்தது.

"அக்கா, சத்தியமா நான் ஒரு சொம்பு கூட வீணாக்கல" என்றாள் சுலோச்சனா.

"காணிப்பாக்கத்துக்கு வந்து புள்ளையார் முன்னால சொல்றியா?" என்றாள் மனோரமா.

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்தவர் உருப்பட்டதில்லை என்பது சித்தூர் ஜில்லா முழுக்க நம்பிக்கை. திருட்டுக்கும் கள்ளத்தொடர்புக்கும் கூப்பிடுகிற இடத்துக்குக் கக்கூஸ் தண்ணீருக்காகக் கூப்பிட்டாள் அந்தப் புண்ணியவதி. சுலோச்சனா அன்று ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை.

பேச்சோடு நிற்கவில்லை. ஜெயச்சந்திரன் பிளம்பர் ஸ்ரீனிவாஸைக் கூப்பிட்டு, தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக்குப் போகிற பைப்பில் ஒரு வால்வு வைத்து, அதற்குப் பூட்டும் போட்டார். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் திறப்பார். மற்ற நேரம் சாவி அவர் அரைஞாணில். குழாயைத் திறந்தால் சுலோச்சனாவுக்குக் காற்று வந்தது.

"உங்க அண்ணன் கிட்ட கேளுங்க. என் வூட்டுக் கொழாய்க்கு அவரு இன்னாத்துக்குப் பூட்டுப் போடறாரு?" என்று புருஷனிடம் கேட்டாள்.

நாராயணசாமி மாடிக்குப் போனார். திரும்பி வந்தார். "அண்ணன் சொல்றாரு, இது எல்லாருக்கும் நல்லதாம்" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார். சுலோச்சனாவே நேரில் போய் மச்சாண்டாரை நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் முறை குறுக்கே நின்றது. குற்றம் சாட்ட அவருக்கு வாய் உண்டு; இல்லையென்று சொல்ல அவளுக்கு ஒரு சுவர்தான் உண்டு.

இதையும் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது அடுத்த மாதம் நடந்தது.

நாராயணவனத்திலிருந்து கன்னிகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். பையனைக் கன்னிகா ஏற்கெனவே ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தாள். பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அன்று காலை தானாகவே மல்லிகை வாங்கி வந்து வைத்துக்கொண்டாள். சுலோச்சனா காலைத் தண்ணீரில் சமையலை முடித்து, குளியலறையில் இரண்டு வாளி நிரப்பி வைத்திருந்தாள். வந்தவர்கள் கூட்டம். கை கால் கழுவியதிலேயே வாளிகள் காலி. அந்த நேரம் பார்த்துப் பையனின் அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாய் திருகுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கவில்லை.

சுலோச்சனா மாடிக்கு ஓடினாள். "அக்கா, சாவி குடுங்க. சம்பந்தியம்மா உள்ள இருக்காங்க."

"அவரு தூங்கிக்கினு இருக்காரு. எழுப்புனா கத்துவாரு" என்றாள் மனோரமா. "ஒரு பக்கெட்டு வேணா தரேன், எங்க வூட்டுக் கொழாய்ல புடிச்சிக்கினு போ." அவள் வாளியைத் தேடிக் கொடுத்து, அது மெல்ல நிரம்பி, சுலோச்சனா அதைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவதற்குள் அந்த அம்மாள் வெளியே வந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது. யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போய் நின்றாள். வெற்றிலை பாக்கைத் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தரகர் பதில் கொண்டு வந்தார். அந்த அம்மாள் சொன்னதை அவர் அப்படியே சொல்லிவிட்டார்: "தாயைத் தண்ணித் துறையில பாத்தா மகளை வூட்ல பாக்க வேணாம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அந்த வூட்ல துறையே இல்ல."

கன்னிகா காய்ந்த மல்லிகைச் சரத்தைக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அவள் அழுதிருந்தால் சுலோச்சனா ஆறியிருப்பாளோ என்னவோ. மகள் அழாமல் போன அந்த நடையைப் பார்த்தபோது சுலோச்சனா முடிவு செய்துவிட்டாள். பழி வாங்க வேண்டும். நியாயம் கேட்க வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. அதற்கெல்லாம் நேரம் கடந்துவிட்டது. தன் பெண் தலைகுனிந்த மாதிரி அவர்களும் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். இப்படி நினைத்ததில் அவளுக்கு வெட்கமே இல்லை.

வழி தானாக வீடு தேடி வந்தது. அதே வாரம் யஸ்வந்துக்குச் சித்தூரில் பெண் அமைந்துவிட்டது. நன்றி சொல்ல மாடிக்காரர்கள் காணிப்பாக்கம் கிளம்பினார்கள். "துளசிக்குத் தண்ணி ஊத்து. அதிகமா ஊத்தாத" என்று சொல்லி மனோரமா வீட்டுச் சாவியைச் சுலோச்சனாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு ஸ்ரீனிவாஸ் கீழ்வீட்டுச் சமையலறைக் குழாயைச் சரிபார்க்க வந்திருந்தார். வேலை செய்துகொண்டிருந்தவர் சுவரில் காதை வைத்தார். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் மாடியிலிருந்து சாக்கடை பைப் இறங்குகிறது.

"மேல யாருமா குளிக்கறாங்க?"

"யாரும் இல்ல. எல்லாம் காணிப்பாக்கம் போய்க்கிறாங்க. இந்தச் சத்தம் எப்பவும் கேக்கறதுதான்."

"எப்பவுமா?" ஸ்ரீனிவாஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "கொஞ்சம் மஞ்சத்தூள் எடுத்துக்கினு வாங்கம்மா."

இருவரும் மாடிக்குப் போனார்கள். ஸ்ரீனிவாஸ் பிளஷ் டேங்கின் மூடியைத் தூக்கி மஞ்சளை உள்ளே தூவினார். யாரும் எதையும் அமுக்கவில்லை. சற்று நேரத்தில் பீங்கானின் பின்பக்கத்தில் மெல்லிசாக ஒரு மஞ்சள் தடம் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடி மாதிரி வழிகிற தண்ணீர் வெறும் கண்ணுக்குத் தெரியாது, மஞ்சள் காட்டிக்கொடுத்துவிட்டது.

"சூடண்டி, பாருங்கம்மா! தண்ணி போய்க்கினே இருக்குது" என்றார் ஸ்ரீனிவாஸ். "ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கி அமுக்கி உள்ள வாசர் கோணிக்கிச்சு. சரியா மூட மாட்டேங்குது. ராத்திரி பகல் இதே வேலைதான். தொட்டி எப்படி நிக்கும்?"

"இது தண்ணிய மிச்சம் பண்ற டேங்குன்னு சொன்னாங்களே?"

"பொய் இல்லமா. ஒழுங்கா மூடிக்கினா மிச்சம்தான். ஒரு பட்டன், ஒரு தடவ அமுக்கினா மிச்சம்தான். ஒழுக ஆரம்பிச்சிட்டா பழைய டேங்கே தேவல. வால்வு வெக்க வந்த அன்னைக்கே சார் கிட்ட சொன்னேன். புது டேங்கு எப்படிடா ஒழுகும், சொன்ன வேலையப் பாருன்னாரு." அவர் பையைத் திறந்தார். "சின்ன வாசர்தான். இப்பவே மாத்திடட்டுமா?"

சுலோச்சனா அந்த மஞ்சள் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் பேர் கெட்டது, பந்தி சிரித்தது, மல்லிகை குப்பைக்குப் போனது, எல்லாம் அந்த மெல்லிய தடத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"வேணாம்" என்றாள். "அவங்க டேங்கு. அவங்க கேட்டா சொல்லு."

ஸ்ரீனிவாஸ் அவள் முகத்தைப் பார்த்தார். பையை மூடினார். சுலோச்சனா ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கழுவிவிட்டு, துளசிக்கும் ஊற்றிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள்.

பொறுத்தவர் பூமி ஆள்வாராம். சுலோச்சனாவுக்குப் பூமி வேண்டாம், மொட்டை மாடித் தொட்டி போதும். அதன்பிறகு அவள் முணுமுணுக்கவே இல்லை. மனோரமா என்ன சொன்னாலும் "சரிங்கக்கா". இரண்டு பெரிய டிரம் வாங்கிக் குளியலறையில் வைத்து, திறக்கிற நேரத்தில் நிரப்பிக்கொண்டாள். "பாத்தியா, பூட்டுப் போட்டதும் அடங்கிட்டா" என்று மனோரமா புருஷனிடம் சொல்வது மாடி ஜன்னல் வழியாகக் கேட்டது. சுலோச்சனா டிரம்மை மூடி வைத்தாள். கன்னிகாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். கன்னிகா கேட்டுவிட்டு, "எப்போ?" என்றாள். அவ்வளவுதான்.

சித்தூர்ப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிற நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் சுலோச்சனா ஒரு வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்து, ஒரு ரூபாய்க் காசை முடிந்து, ஏழுமலையானை வேண்டிச் சாமி அலமாரியில் வைத்தாள். பிறகு இன்னொரு துணியில் மஞ்சள்தூளை மட்டும் கெட்டியாக முடிந்தாள். ஒரு முடிச்சு சாமிக்கு. இன்னொரு முடிச்சு மச்சாண்டாருக்கு.

விசேஷ நாளில் மாடியைக் கூட்டிக் கழுவுகிற வேலை சின்ன மருமகளுடையது. அதிகாலையிலேயே போய் எல்லா அறையையும் கழுவினாள். கக்கூஸைக் கழுவும்போது பிளஷ் டேங்க் மூடியைத் தூக்கி, முடிச்சை உள்ளே போட்டு மூடினாள். கெட்டி முடிச்சு, ஊறி நிறம் விட நேரம் பிடிக்கும். ஜெயச்சந்திரன் தொட்டியை நிரப்பிவிட்டு, வருகிறவர்களுக்குத் தண்ணீர் பற்றாமல் போகக்கூடாது என்று கீழ் வால்வை அன்று முழுநாளும் பூட்டினார். சாவி அரைஞாணில் ஏறியது. அவரே தன் கையால் பூட்டினார் என்பதுதான் சுலோச்சனாவுக்கு இனித்தது.

சித்தூரிலிருந்து வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். காபிக்கு முன்னால் வழக்கம்போலக் கக்கூஸ் தரிசனம். "ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ரெண்டு. நம்ம வூட்ல ஒரு சொட்டு வீணாகாது" என்றார் ஜெயச்சந்திரன். வழிப்பயணம் செய்து வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பெண்ணின் சித்தப்பா முதலில் போனார்; பீங்கானில் மஞ்சளாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அமுக்கினார். போனது, மறுபடி மஞ்சளாகவே வந்து நின்றது. ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினார். மஞ்சள். அடுத்து வருகிறவன் தன்னையல்லவா நினைப்பான் என்று பயந்து மறுபடி மறுபடி அமுக்கிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அடுத்தவரும் அதையே நினைத்தார், அதையே செய்தார். வெளியே வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டில் இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? சுலோச்சனா கேசரித் தட்டோடு கூடத்தில் நடந்துகொண்டே ஒவ்வொரு சலசலப்பையும் காதால் வாங்கிக்கொண்டிருந்தாள். ஒழுகுகிற டேங்கும் உதவி செய்தது.

பந்தி முடிந்து கை கழுவப் போனபோது குழாய் இருமியது. பிறகு அதுவும் இல்லை. மோட்டாரைப் போட்டார்கள், போர் காற்றைக் கக்கியது. டேங்கர் சொல்லி ஆள் அனுப்பினார்கள்; முகூர்த்த நாளில் திருப்பதியில் டேங்கர் சொன்னவுடன் வந்துவிடுமா? எச்சில் கையோடு சம்பந்திகள் நின்றார்கள்.

மனோரமா மாடிப்படியில் நின்று கத்தினாள். "ஏ சுலோச்சனா! இன்னிக்குக் கூடவாடி கயினிக்குப் பாச்சற? மானத்த வாங்கவே பொறந்தியா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் திரும்பிப் பார்த்தலுக்குத்தான் சுலோச்சனா காத்திருந்தாள்.

"அக்கா, எங்க லைன மாமா காலைலயே பூட்டிட்டாரே" என்றாள், பணிவாக, ஊருக்கே கேட்கிற மாதிரி. "சாவி அவரு இடுப்புலதான இருக்குது."

"பூட்டா? தண்ணிக்கா?" என்றாள் பெண்ணின் அம்மா.

பெண்ணின் அப்பா மொட்டை மாடிக்குப் போனார், பின்னாலேயே நாலு பேர். கீழ் லைன் பூட்டியிருந்தது. தொட்டி வறண்டு கிடந்தது. "சம்பந்தி, கீழதான் பூட்டிக்கிதே. அப்ப தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டார். ஜெயச்சந்திரனுக்குக் கோபம் பிளம்பர் மேல் வந்தது. அங்கேயே நின்று ஸ்ரீனிவாஸுக்குப் போன் போட்டார். காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"இன்னாடா வால்வு வெச்ச? தொட்டியே காலி!"

"வால்வு நல்லாத்தான் சார் இருக்கும்" என்றது போன். "அன்னைக்கே சொன்னேனே, உங்க பிளஷ் டேங்குதான் நிக்காம ஒழுகுதுன்னு. ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கக் கூடாது சார். ஒண்ணுக்கு மொதல் பட்டன், ரெண்டுக்கு ரெண்டாவது பட்டன். அவ்ளோதான் அர்த்தம்."

பெண்ணின் சித்தப்பா முதலில் சிரித்தார். அவருக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது. பிறகு எல்லோரும். "ஹெட்மாஸ்டரே!" என்று யாரோ ஒருவர் ஆரம்பித்து முடிக்க முடியாமல் இருமினார். மனோரமா உள்ளே போய்விட்டாள்.

"எல்லாரும் கீழ வாங்க" என்றாள் கன்னிகா. "எங்க வூட்ல தண்ணி இருக்குது."

முந்தின நாள் சாயங்காலமே நிரப்பிய டிரம் இரண்டும் தளும்ப நின்றன. பெண்ணின் அம்மாவுக்குச் சுலோச்சனாவே கை கழுவ ஊற்றினாள், புதுத் துண்டு கொடுத்தாள். குளியலறைக்குப் போனவர்களுக்கு வாளி வாளியாக நிறைத்து வைத்தாள். விருந்தாளிகள் மேல் அவளுக்கு என்ன பகை? வந்தவர்கள் வயிறார வாழ்த்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

கடைசியில் ஜெயச்சந்திரன் வந்தார். வேறு வழி இல்லாமல்தான் வந்தார். சர்க்கரை உடம்பு, அன்று பாயசத்தைச் சம்பந்திகளுக்காக இரண்டு தரம் வாங்கிக்கொண்டவர். பட்டு வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, நெற்றி வேர்க்க, குளியலறைப் பக்கம் வேகமாக நடந்தார். வாசலில் சுலோச்சனா சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒதுங்குவாள் என்று எதிர்பார்த்தார். முறை அதுதானே.

சுலோச்சனா ஒதுங்கவில்லை. முந்தானையை இழுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தாள்.

"ஒண்ணுக்கா மாமா, ரெண்டுக்கா?"

கூடத்தில் நாராயணசாமி திறந்த வாயை மூட மறந்தார்; அது கொட்டாவி இல்லை. ஜெயச்சந்திரன் தம்பியைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வயிறு மரியாதை பார்க்கவில்லை.

"ரெண்டு" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். எல்லோருக்கும் கேட்டது.

"ரெண்டுக்கு ரெண்டு" என்று சொல்லி, சுலோச்சனா காலி வாளியில் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தாள். பாதி காலியான டிரம்கள் இரண்டையும் கன்னிகா ஏற்கெனவே வெளியே நகர்த்தி வைத்திருந்தாள். அவர் பாய்ந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில் குழாய் திருகுகிற சத்தம் கேட்டது. நாராயணவனத்து அம்மாள் திருகிய அதே குழாய். தண்ணீர் விழவில்லை.

"மனோரமா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மனோரமா மாடியில் இருந்தாள். "தம்பி!" நாராயணசாமி எழப் போனார், கன்னிகா அவரைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டார். நடுவில் பேச இனி ஆள் இல்லை.

"சுலோச்சனா" என்றது குரல். அவரும் அவளை அன்றைக்குத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "இன்னொரு பக்கெட்டு தண்ணி."

சுலோச்சனா கதவருகே போய் நின்றாள். "தரேன் மாமா. இனிமே என் கொழாய என் கிட்ட வுட்டுடுங்க. சாவி?"

சம்பந்தி வீட்டார் ஜன்னலைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். பிறகு அரைஞாண் அவிழ்கிற மெல்லிய சத்தம். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் அந்தச் சாவி தரையை உரசிக்கொண்டு வெளியே வந்தது.

அவள் அதை உடனே கையில் எடுக்கவில்லை. டிரம்மிலிருந்து ஒரு சொம்பு மொண்டு அதன் மேல் ஊற்றினாள். இன்னொரு சொம்பு ஊற்றினாள். அப்புறம் இன்னொன்று. தண்ணீர் வாசல் வரைக்கும் ஓடியது. கழுவிய சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அதன்பிறகுதான் அவருக்கு வாளியை நிரப்ப ஆரம்பித்தாள்.